கூட்டைத் திறந்துவிடும் நேரம்

2022 ஜூன் 14

மகள் சுடர் வாங்கி அனுப்பிய டைரி ஆறு மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. இன்றுதான் பிரித்தேன். எழுதுவது எனக்குப் புதிதில்லை. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்த காலம் முழுக்க லாக் புக் எழுதியவன். பழுது, காரணம், சரிசெய்த விதம். அதற்கு மேல் ஒரு விஷயத்தில் எழுத என்ன இருக்கிறது?

பழுது: வீட்டுக்குள் பூரான். காரணம்: சாரல் தொடங்கிவிட்டது. மேலகரத்தைத் தாண்டி வயலை மூடிப் போட்ட பிளாட்டில் வீடு கட்டினால் பூரானும் தேளும் மரவட்டையும் கூடவே குடிவரத்தான் செய்யும். குற்றால மலையில் மேகம் இறங்கிவிட்டால் போதும், அதுகளுக்கு நம் குளியலறைதான் சத்திரம்.

ஆவுடைக்கு ஒரே பயம். "ஏங்க, எந்திரிச்சு வந்து பாருங்க. கட்டில்ல ஏறிருச்சுன்னா என்ன செய்ய?" என்று காலையிலிருந்து பாட்டு. மருந்து அடிக்கலாம் என்றேன். கீரையும் கறிவேப்பிலையும் அந்த மண்ணில்தானே வளருது, விஷத்தையா தின்ன என்று கேட்டாள். நாட்டுக்கோழி நாலு விட்டால் பூச்சி பொட்டு ஒன்று மிஞ்சாதாம். பக்கத்து வீட்டு மைதீன் பிச்சை பாயிடம் சொல்லி ஏற்பாடும் முடித்துவிட்டாள். வீட்டுக்காரனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சரிசெய்த விதம்: நாளை மறுநாள் கோழி வருகிறது. கூடு அடிக்க வேண்டியது நானாம்.

2022 ஜூன் 16

நாலு பெட்டை, ஒரு சேவல். பாய் ஒரு கூடையில் போட்டுக் கொண்டுவந்தார். "அண்ணாச்சி, மதினி சொன்ன மாதிரியே நல்ல சுறுசுறுப்பான சாதியா பாத்து எடுத்திருக்கேன்" என்றார்.

பழைய கதவுப் பலகையை அறுத்துக் கூடு அடித்தேன். ஜனவரியில் ஓய்வு பெற்றதிலிருந்து சுத்தியலைத் தொடவில்லை. கொஞ்சம் அசதியாக இருந்தது இத்தனை மாதமும், அவ்வளவுதான். ஆவுடை அதைப் பெரிதுபடுத்தி சுடரிடம் போனில் என்னென்னவோ சொல்லியிருக்கிறாள். பெண்பிள்ளை கோயம்புத்தூரிலிருந்து தினமும் கூப்பிட்டு "அப்பா, சாப்பிட்டீங்களா, குளிச்சீங்களா" என்று குழந்தையைக் கேட்பது போலக் கேட்கிறாள்.

2022 ஜூலை 9

கோழிகளுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. குண்டுப் பெட்டைக்கு டிரான்ஸ்ஃபார்மர் என்று வைத்தேன். சேவலுக்கு ஏ.ஈ. காலையில் எழுந்ததும் கூவும், பிறகு நாள் பூராவும் வேலை செய்கிறவர்களைச் சுற்றி நெஞ்சை நிமிர்த்தி நடக்கும். எங்கள் பழைய உதவிப் பொறியாளர் அப்படியே. ஆவுடை விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து எவ்வளவு காலமாகிறது. மற்ற மூன்றுக்கும் அவள்தான் பெயர் வைத்தாள். பொட்டு, வெள்ளச்சி, சீனி.

காலை ஆறு மணிக்குத் தோளைத் தட்டிவிடுகிறாள். "எந்திரிங்க, கோழி கத்துது பாருங்க. தொறந்து விடணும்லா?" அவளே திறந்தால் என்ன என்று கேட்டேன். கொத்துமாம். இவள் தூவும் அரிசியைக் கையிலிருந்தே தின்கிற கோழி, கூட்டைத் திறந்தால் மட்டும் கொத்துமா என்ன?

2022 ஆகஸ்ட் 3

மைதீன் பாய் வீட்டில் தேள். எங்கள் வீட்டில் இல்லை. பாய் வந்து மதில்மேல் கையூன்றி நின்று தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் முறையைச் சொல்லிக் கொடுத்தேன்.

காலையில் தீனியைக் குறைத்துப் போட வேண்டும். வயிறு நிறைந்த கோழி பூச்சி தேடாது. வாழைச் சருகைக் குவித்து இரண்டு நாள் ஈரமாக விட்டால் அடியில் பூரானும் கரப்பானும் சேரும். மூன்றாம் நாள் குவியலைக் கம்பால் புரட்டிக் கோழியை விட வேண்டும். மதிலோரம் கரையான் புற்றை மண்வெட்டியால் உடைத்துவிட்டால் அன்று அதுகளுக்குக் கல்யாண விருந்துதான். நத்தையில் சின்னதைத் தானே தின்னும், பெரியதை நாம் ஓட்டை உடைத்துப் போட வேண்டும். கீரைப் பாத்திக்கு வலை கட்டாயம். இல்லாவிட்டால் பூச்சியோடு கீரையும் போய்விடும். முருங்கையில் அப்பிக் கிடக்கும் கம்பளிப்பூச்சியை மட்டும் எந்தக் கோழியும் தொடாது. அதற்கு நம் கையில் தீப்பந்தம்தான்.

பாய் எல்லாம் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, உங்க மொகமே மாறிப் போச்சு" என்றார். கோழியைப் பற்றிப் பேசினால் இவர் முகத்தைப் பற்றிப் பேசுகிறார்.

2022 அக்டோபர் 2

பிளாட் பூராவும் எனக்குக் கோழி சார் என்று பெயர் விழுந்துவிட்டது. இன்று மூன்று வீட்டுக்குப் போய்க் கூடு எங்கே வைக்கலாம் என்று பார்த்துச் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வீட்டில் எர்த் சரியில்லை, அதையும் பார்த்துக் கொடுத்தேன்.

கோழி எச்சத்தை வெயிலில் காயவைத்துச் சலித்துப் போட்டால் எலுமிச்சைக்கு அதைவிட உரம் கிடையாது. சலிப்பது ஆவுடை. குனிய எனக்கு இடுப்பு ஒத்துழைப்பதில்லை. முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு, கோழிகளோடு பேசிக்கொண்டே சலிப்பாள். என்னோடு இத்தனை வருடத்தில் பேசியதைவிட அதுகளோடு அதிகம் பேசுகிறாள். எனக்குப் பொறாமை ஒன்றும் இல்லை. சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

2022 டிசம்பர் 20

பழுது: ஆவுடைக்கு இருமல். காரணம்: மார்கழிப் பனி. சரிசெய்த விதம்: கற்பூரவல்லிக் கஷாயம்.

2023 ஜனவரி 18

பழுது: இருமல் நிற்கவில்லை. காரணம்: அறுப்பு முடிந்த வயலில் வைக்கோலைக் கொளுத்துகிறார்கள். தென்காசியில் டாக்டரிடம் போனோம். அலர்ஜி என்று உறிஞ்சுகிற மருந்து எழுதித் தந்தார்.

வெள்ளச்சி அடைகாக்கத் தொடங்கியிருக்கிறது.

2023 மார்ச் 11

மாடிக்குத் துணி காயப்போடப் போனவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் பார்த்ததைப் பார்த்ததும், "ஒண்ணுமில்ல, மேலருந்து பாத்தா கோழியெல்லாம் அழகா தெரியுதுல்லா" என்றாள். படியிலிருந்து தோட்டம் தெரியாது.

2023 ஏப்ரல் 16

சுடர் வீடு மாறுகிறாள், கூடமாட ஒத்தாசைக்கு ஆவுடை கோயம்புத்தூர் போயிருக்கிறாள். கோழிகளை யார் பார்ப்பது என்று நான் போகவில்லை. ஆறு மணிக்குப் போன். "தொறந்தாச்சா?" ஆச்சு என்றேன். உண்மையில் திறக்க எட்டு மணி ஆகிவிட்டது.

2023 ஏப்ரல் 28

இன்றும் ஆறு மணிக்குப் போன். குரல் தெளிவாக இருக்கிறது. நேற்று மருதமலைக்குப் படியேறியே போனாளாம். சுடர் வாங்கிப் பேசினாள். "அப்பா, அம்மாவுக்கு இங்க வந்து இருமலே இல்லப்பா." கோயம்புத்தூர் தண்ணீர் அப்படி என்றேன்.

2023 மே 9

ஆவுடை வந்து நாலு நாள் ஆகிறது. வந்த அன்று கோழிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி நலம் விசாரித்தாள்.

பழுது: இருமல் திரும்பிவிட்டது. சாயங்காலம் குளிர் நடுக்கமும் காய்ச்சலும்.

காரணம்:

2023 மே 10

இன்று முதல் கூட்டை நானே கூட்டிக்கொள்கிறேன். எச்சம் சலிப்பதும் நிறுத்தம். அவளுக்கு முழங்கால் வலி.

"எனக்கு எங்க முழங்கால் வலிக்குது?" என்றாள்.

"வலிக்கும். வயசாகுதுல்லா" என்றேன்.

2023 ஜூன் 24

பாளையங்கோட்டைக்குப் போய் நெஞ்சு டாக்டரைப் பார்த்தோம். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமையானவர். படத்தை விளக்கு முன்னால் பிடித்து, நுரையீரலில் அங்கங்கே தழும்பு விழுந்திருக்கிறது என்றார். விறகடுப்பில் சமைப்பீர்களா, பஞ்சாலையில் வேலை பார்த்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு கேட்டார்.

"வீட்ல புறா, கோழி, கிளி ஏதாவது வளக்கீங்களாம்மா?"

"இல்ல சார். ஒண்ணும் கெடையாது" என்றாள் ஆவுடை. பட்டென்று சொன்னாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் நுரையீரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஏதோ எழுதினார்.

கோழி வளர்ப்பதைச் சொன்னால் பட்டிக்காடு என்று நினைப்பார்கள் என்று அவளுக்குக் கூச்சம் போலிருக்கிறது. பஸ்ஸில் வரும்போது அதைப் பற்றி நான் கேட்கவில்லை. அவள் ஆலங்குளம் வரை சன்னல் பக்கமே திரும்பி இருந்தாள். மாத்திரை நிறையக் கொடுத்திருக்கிறார்கள்.

2023 ஜூலை 15

மாத்திரையில் முகம் உப்பிவிட்டது. ஆனால் மூச்சு பரவாயில்லை. சாரல் நன்றாகப் பெய்கிறது. வெள்ளச்சி குஞ்சுகள் பெரிதாகிவிட்டன. கூட்டைப் பின்மதில் ஓரமாகத் தள்ளி வைத்தேன். சமையலறைப் பக்கம் வெயில் அதிகம்.

சாரல் காலத்தில் ஏது வெயில் என்று பாய் கேட்டார். அவருக்கு எதையாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

2023 ஆகஸ்ட் 19

மாத்திரையைக் குறைத்ததும் பழையபடி. குளித்துவிட்டு வந்து தலை துவட்டக்கூட நின்று நின்று மூச்சு வாங்குகிறாள். கோழிகளை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று இன்று கேட்டேவிட்டேன். மூச்சுக்காக என்று சொல்லவில்லை. தீனி விலை ஏறிவிட்டது என்றேன்.

அவள் முகம் செத்துவிட்டது. "வேண்டாம். கோழி இல்லன்னா இந்த வீடு என்னத்துக்கு ஆகும்? சும்மா இருங்க" என்றாள்.

பிறகு நான் எப்படிக் கொடுப்பேன்? இந்த வீட்டில் அவளுக்கென்று இருக்கிற ஒரே சந்தோஷம் அதுதான். சுடர் தூரத்தில் இருக்கிறாள். நான் பேசத் தெரியாத மனிதன்.

2023 செப்டம்பர் 12

சுடர் லீவு போட்டுவிட்டு வந்து எங்களைப் பாளையங்கோட்டைக்கு அழைத்துப் போனாள். புது ஸ்கேன். தழும்பு கூடியிருக்கிறது. டாக்டர் பழைய கேள்விகளையே திரும்பக் கேட்டார். பறவை என்று வந்ததும் ஆவுடை "இல்ல சார்" என்று தொடங்கினாள்.

சுடர் குறுக்கிட்டாள். "கோழி இருக்கேம்மா. கூட்டமா இருக்கே. ஏன் இல்லன்னு சொல்லுதே?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எவ்வளவு நாளா?" என்றார். சுடர்தான் சொன்னாள். அவர் கோபப்படவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. சில பேருக்குக் கோழி எச்சம், இறகு இவற்றின் தூசி உள்ளே போய்ப் போய் நுரையீரல் இறுகிவிடும், எல்லாருக்கும் வராது, வருகிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே விலக்கிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். இப்போது? இனிமேல் கூடாமல் பார்க்கலாம், விழுந்த தழும்பை எடுக்க முடியாது என்றார். வீட்டை முழுக்கக் கழுவித் துடைத்து, கூடு இருந்த மண்ணைக்கூட வெட்டி எடுத்துவிடச் சொன்னார்.

வெளியே வராந்தாவில் சுடர் எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்துக் கத்தினாள். "ரெண்டு பேருக்கும் கிறுக்கா பிடிச்சிருக்கு? டாக்டர் வாயத் தொறந்து கேக்காரு, இல்லங்கியே! அப்பா, நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

ஆவுடை பெஞ்சில் உட்கார்ந்து செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போய்விட்டேன்.

2023 செப்டம்பர் 14

கோழிகள் போய்விட்டன. செங்கோட்டையில் பாயின் மச்சானுக்குத் தோப்பு இருக்கிறது, அங்கே. ஆவுடையைச் சுடர் மாடியில் உட்காரவைத்துவிட்டாள். சேவல் கடைசி வரை கையில் சிக்காமல் மதிலைச் சுற்றி ஓடியது. மேலே சன்னலில் ஆவுடை நின்றுகொண்டிருந்தாள். அவள் கோழியைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மண்ணை வெட்டி எடுத்து வண்டியில் ஏற்றினேன். கூட்டை உடைத்து அதையும் ஏற்றினேன்.

2023 செப்டம்பர் 15

ஒன்பது மணிக்கு எழுந்தேன்.

2023 அக்டோபர் 30

வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டது. வீட்டில் பூச்சிகள் திரும்பிவிட்டன. ஆவுடைக்கு மூக்கில் ஆக்சிஜன் குழாய் வந்துவிட்டது. மெஷின் ஒன்று வாடகைக்கு எடுத்திருக்கிறோம், கூடத்தில் உறுமிக்கொண்டே இருக்கிறது. கரண்ட் போனால் தாங்க வேண்டும் என்று இன்வர்ட்டருக்குத் தனி லைன் இழுத்தேன். ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுத்தவன், என் பெண்டாட்டிக்குக் கொஞ்சம் காற்று கொடுக்க முடியவில்லை.

2023 நவம்பர் 5

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும். லாக் புக்கில் அடங்காது.

காலையில் கட்டிலுக்குப் பக்கத்தில் பூரான். நல்ல விரல் நீளம். நான் பதறிப்போய் விளக்குமாற்றைத் தேடி ஓடினேன். திரும்பி வருவதற்குள் ஆவுடை, மூக்கில் குழாயோடு, செருப்பைக் கழற்றி ஒரே அடி. அடித்ததை ஒரு காகிதத்தில் தள்ளிச் சன்னல் வழியே வீசிவிட்டு உட்கார்ந்தாள். பிறகுதான் மூச்சு வாங்கியது.

"உனக்குப் பூரான்னா பயமாச்சே" என்றேன்.

"கடையத்துல வயக்காட்டுல வளந்தவளுக்குப் பூரான் பயமா? நல்லா இருக்கே கதை."

எனக்கு விளங்கவில்லை. "அப்போ கோழி எதுக்குக் கேட்டே?"

அவள் பேச்சுக்கு நடுவே நிறுத்தி நிறுத்திக் காற்றை இழுத்துக்கொண்டாள்.

"நீங்க செவத்தப் பாத்துப் படுத்தே கெடந்தீயல்லா. குளிக்கல, சவரம் பண்ணல. ஒரு நாள் மத்தியானம் கூப்பிடுதேன், கூப்பிடுதேன், கண்ணத் தொறந்துக்கிட்டே பதில் பேசாமக் கெடந்தீய. எனக்கு ஈரக்கொலையே ஆடிப்போச்சு. பாய்கிட்ட போய் அழுதேன். அவருதான் சொன்னாரு, மதினி, வேளாவேளைக்குப் பாக்க வேண்டிய உயிரு ஏதாவது வீட்ல இருந்தா மனுசன் எந்திரிச்சுருவாருன்னு. ஆடு வளக்க எடமில்ல. அதான் கோழி."

"கோழியோட அவ்வளவு பேசுவியே?"

"நான் பேசுனா நீங்க சிரிப்பீய. அதுக்குப் பேசுனேன். எனக்குக் கோழியே பிடிக்காதுங்க. அந்தப் பீ நாத்தம் இருக்கே, சின்னப் பிள்ளையிலருந்தே ஆகாது."

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு வந்த வேகத்திலேயே வேறு என்னவோ ஆகிவிட்டது. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன்.

அவள்தான் கேட்டாள். "டாக்டர் கேட்டப்ப நான் இல்லன்னு சொன்னேன். சொன்னா கோழிய எடுத்துருவாவ, நீங்க திரும்பப் படுத்துருவீயன்னு சொன்னேன். நீங்க ஏன் சும்மா இருந்தீய?"

தெரிந்தேதான் சும்மா இருந்தேன். இதை இங்கே எழுதிவிடுகிறேன். அவள் கோயம்புத்தூர் போய்த் திரும்பியபோதே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. எந்த லைனைக் கழற்றினால் பழுது நிற்கிறதோ, கோளாறு அதில்தான் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் படித்த பாடம் இது. அதைக் காரணம் என்ற இடத்தில் எழுதக் கை வரவில்லை. கூட்டைத் தள்ளி வைத்தால் போதும், நான் கூட்டினால் போதும் என்று என்னை நானே ஏமாற்றினேன்.

"நீ சந்தோஷமா இருந்தேல்லா. அத எப்படிப் பிடுங்க?" என்றேன்.

"நான் எங்க சந்தோஷமா இருந்தேன்? நீங்க இருந்தீய, அதப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

 அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகி இத்தனை காலத்தில் பகல் வெளிச்சத்தில் அவள் கையைப் பிடித்து நான் உட்கார்ந்ததில்லை. நகம் நீலமாக இருந்தது. வாய்விட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், இரண்டு பேரில் யார் கேட்டிருந்தாலும் போதும். பிடிக்காத கோழியை அவள் எனக்காக வளர்த்தாள், அவள் சாகிறாள் என்று தெரிந்தும் நான் அவளுக்காக வளர்த்தேன். எங்களைப் போல முட்டாள்கள் தென்காசி ஜில்லாவில் இருக்க மாட்டார்கள்.

2023 டிசம்பர் 9

அவளுக்குச் சமைக்கக் கற்றுக்கொள்கிறேன். ரசத்தில் புளி கூடிவிட்டது. "இத ஊத்துனா பூரானே சாகும், கோழி தேவையில்ல" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம், அவளுக்கு மூச்சு முட்டும்வரை. பிறகு பயந்துபோய் நிறுத்தினோம்.

2024 ஜனவரி 21

காலையில் பாய் வந்தபோது என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டாள். புழுங்கலரிசி முறுக்கு வேண்டுமாம். வாங்கி வந்தால் ஒரு கடிதான் தின்றாள். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "வீட்டு விசயம்" என்றாள். அது யார் வீட்டு விஷயம் என்றும் சொல்லவில்லை.

2024 பிப்ரவரி 6

சளிக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். சுடர் வந்துவிட்டாள்.

2024 பிப்ரவரி 11

ஆவுடை போய்விட்டாள். காலையில் ஏழு மணி இருக்கும். "எந்திரிச்சாச்சா?" என்று என்னைக் கேட்டாள். நான் இரவெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எந்திரிச்சாச்சு என்றேன். சரி என்று தலையை ஆட்டினாள். அவ்வளவுதான்.

2024 பிப்ரவரி 27

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. சுடர் என்னைத் தன்னோடு கூப்பிடுகிறாள். வரவில்லை என்றேன்.

2024 மார்ச் 8

ஒன்றும் இல்லை.

2024 மார்ச் 17

எழுதவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. சுடர் காலையில் போன் செய்தாள், எடுக்கவில்லை. சமையலறையில் கரப்பான் நடமாடுகிறது. நடமாடட்டும்.

2024 மார்ச் 19

காலை ஆறரை இருக்கும். கேட்டைப் போட்டு உலுக்குகிற சத்தம். பேசாமல் கிடந்தேன். விடவில்லை. பாய்தான்.

"அண்ணாச்சி, எங்க வீட்ல ஒரு பேஸ் வரல. மோட்டார் ஓடல, தொட்டியில தண்ணி இல்ல. பிள்ளைக பள்ளிக்கூடத்துக்குப் போணும். கொஞ்சம் வந்து பாருங்க."

"ஆபீஸ்ல சொல்லும் ஓய். எனக்கு ஒடம்பு சரியில்ல" என்றேன் படுக்கையில் இருந்தபடியே.

"சொல்லியாச்சு. ஆளு சாயங்காலந்தான் வருமாம். அண்ணாச்சி, வாங்க அண்ணாச்சி" என்று குரல் தழுதழுக்கிறது. ஒரு பேஸ் வராததற்கு எந்த மனிதன் இப்படி அழுவான்? எழுந்து, சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு போனேன். டெஸ்டர் எங்கே இருக்கிறது என்று கால் மணி நேரம் தேடினேன்.

மீட்டர் பெட்டியைத் திறந்தேன். மூன்று ஃபியூஸ் கேரியரில் நடுவில் ஒன்றைக் காணவில்லை. எரிந்திருந்தால் அங்கேயே இருக்கும். சுற்றும் முற்றும் பார்த்தேன். பக்கத்துச் சன்னல் கட்டையில், பழந்துணியில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தது. கம்பி புத்தம் புதிதாக மின்னியது.

"இத யாரு கழட்டுனா?"

பாய்க்குப் பொய் சொல்ல வராது. வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே அவர் வீட்டம்மா கதவுக்குப் பின்னால் போய்விட்டார்.

"மதினிதான் சொன்னாவ அண்ணாச்சி. நீங்க முறுக்கு வாங்கப் போனீயல்லா, அன்னைக்கு. 'நான் போனதும் அவிய படுத்துருவாவ. கோழியும் இல்ல. நீங்கதான் பாத்துக்கிடணும். வாரத்துக்கு ஒருக்கா வீட்ல எதையாவது கெடுத்து வையுங்க. ஊருக்கு ஒரு பழுதுன்னா அவிய படுத்திருக்க மாட்டாவ'ன்னு என் கையப் பிடிச்சு சத்தியம் வாங்கிட்டாவ. காரியம் முடியட்டுமேன்னு இருந்தேன். நேத்து சுடர் போன் பண்ணி அழுதுது. இன்னைக்குக் கழட்டிட்டேன். ஷாக் அடிக்குமோன்னு பயந்து பயந்துதான் கழட்டுனேன்."

நான் ஃபியூஸை மாட்டினேன். மோட்டார் ஓடியது. பாயின் வீட்டம்மா டீ கொண்டுவந்து வைத்தார். மூன்று பேரும் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

கிளம்பும்போது சொன்னேன். "ஓய், லைவ்ல இருக்கிற ஃபியூஸத் தொடாதீரும், செத்துப் போவீரு. அடுத்த வாரம் ஃபேனு, மிக்ஸி இப்படி ஏதாவது கெடுத்து வையும்."

பாய் சிரித்துக்கொண்டே அழுதார். "எத்தன மணிக்குக் கூப்பிட அண்ணாச்சி?"

"ஆறு மணிக்கே கூப்பிடும்" என்றேன். அதைச் சொல்லிவிட்டு என் வீட்டு வாசல்வரை நடந்து வந்துவிட்டேன். கேட்டைத் திறக்கத்தான் முடியவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு, தெருவில் ஆள் போவதையும் வருவதையும் பாராமல், ஆவுடை, ஆவுடை என்று சத்தம் போட்டு அழுதேன்.